ஆப்சென்ட்

அந்த முதல் ரிவிஷன் டெஸ்ட் தாளை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறேன். மார்ஜின் போட்டு, 1 முதல் 38 வரை கேள்வி எண்களை வரிசையாக எழுதியிருந்தான். ஒவ்வொன்றுக்கும் கீழே பதிலுக்கு வேண்டிய இடம். ஐந்து மார்க் கேள்விக்குக் கொஞ்சம் கூடுதலாக. பதில் ஒன்றுகூட இல்லை.

"ஏம்ப்பா, ஒரு மார்க் கேள்விகூடவா தெரியல?"

"தெரியும் சார். எழுதத் தோணல."

திமிராகச் சொல்லவில்லை. மணி கேட்டால் சொல்வது போலச் சொன்னான். நான், "இன்னும் ரெண்டு மாசம்தான், பல்லைக் கடிச்சுக்கோ. அப்புறம் ஃப்ரீ" என்றேன்.

"பத்தாவதுலயும் இதான் சார் சொன்னாங்க. பிளஸ் ஒன்லயும்."

பிளஸ் ஒன் பாடத்தை நடத்தாமலே பிளஸ் டூவுக்குத் தாவும் பள்ளிகளைத் தடுக்கத்தான் 2017-18இல் அந்த வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. நானும் ஆதரித்தவன்தான். மோல் கணக்கே தெரியாத பிள்ளைகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் நடத்தினால் தெரியும் அந்தக் கஷ்டம். ஆனால் பிள்ளைகளுக்கு அது தொடர்ந்து மூன்று வருடம் பொதுத்தேர்வு. காலையில் ஸ்பெஷல் கிளாஸ், மாலையில் ஸ்லிப் டெஸ்ட், ஞாயிறு நீட் கோச்சிங். 2025-26 முதல் பிளஸ் ஒன் தேர்வை எடுத்துவிட்டார்கள். இவன் அதற்கு முந்தைய செட்.

ஆனால் என்னை அரிப்பது நான் சொன்ன ஆறுதல்கூட இல்லை. மார்க் ரிஜிஸ்டரில் அவன் பெயருக்கு நேரே பூஜ்யம் போடாமல் 'ஆப்சென்ட்' என்று எழுதினேன். பூஜ்யம் என்றால் அப்பாவை வரச் சொல்வார்கள், தலைமையாசிரியர் அறை வாசலில் நிற்க வைப்பார்கள். அதிலிருந்து காப்பாற்றினேன் என்றுதான் நினைத்தேன். இப்போதும் பாதி மனசு அப்படித்தான் சொல்கிறது. வராதவனை வகுப்புச் சராசரியில் சேர்ப்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும். பேனா பிடித்தபோது அது நினைவில் இருந்ததா? இருந்திருக்கும். பூஜ்யம் போட்டிருந்தால் திட்டு விழுந்திருக்கும், சரி. யாராவது ஒருவர் உட்கார வைத்து "என்னடா ஆச்சு உனக்கு?" என்று கேட்டும் இருக்கலாம். அதை நானே கேட்டிருக்கலாம். அடுத்த பீரியட் மணி அடித்துவிட்டது.

பொதுத்தேர்வில் வேதியியலில் 91 வாங்கினான். ஸ்டாஃப் ரூமில் எனக்குக் கைகொடுத்தார்கள். சான்றிதழ் வாங்க வந்தவன் கையெழுத்துப் போட்டுவிட்டும் போகாமல் நின்றான்.

"அந்தப் பேப்பருக்கு எத்தனை சார் போட்டீங்க?"

"ஆப்சென்ட் போட்டேன்ப்பா."

"நான் வந்திருந்தேனே சார்."