இரண்டு மாத்திரைகளும் இரண்டு மணி நேரமும்

இரத்தச்சோகை என்று தெரிந்த நாளிலிருந்து, மறந்துவிடக் கூடாதே என்ற எண்ணத்தில், இரும்புச்சத்து மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் சாப்பிட்ட கையோடு ஒன்றாகவே விழுங்கிக்கொண்டிருந்தேன். மூன்று மாதம் கழித்தும் ஹீமோகுளோபின் அசையவே இல்லை. இரும்பு உடலில் சேர்வதைக் கால்சியம் குறைக்கும் என்பதையும், இரண்டுக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது விட வேண்டும் என்பதையும் மருத்துவர் சொன்ன பிறகே அறிந்தேன். தேநீரும் காபியும்கூட அப்படித்தான் தடுக்கின்றன, வைட்டமின் சி மாறாக உதவுகிறது. மலம் கறுத்துப் போனதைக் கண்டு முதல் வாரம் நான் நடுங்கியது தனிக்கதை. அது உறிஞ்சப்படாத இரும்பின் நிறம்தான். ஹீமோகுளோபின் சரியான பிறகும், ஃபெரிட்டின் எனும் இரும்புச் சேமிப்பு நிரம்பும்வரை இன்னும் சில மாதங்கள் மாத்திரையைத் தொடர வேண்டியிருந்தது.

ஃபோலிக் அமிலம் எனும் பி வைட்டமினில் நேரம் இன்னும் முக்கியம். அதன் துணையோடு மூட வேண்டிய கருவின் நரம்புக் குழாய் (பின்னர் மூளையும் தண்டுவடமும் ஆவது) கருவுற்ற ஏறத்தாழ 28 நாள்களுக்குள், அதாவது பலர் கருவுற்றதையே அறியாத கட்டத்தில், மூடிவிடுவதால், நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் என்ற வழக்கமான அளவைக் கருத்தரிப்பதற்கு முன்பே தொடங்கச் சொல்கிறார்கள்.

முடிக்காக விற்கப்படும் பயோட்டின் எனும் பி வைட்டமின் மீதுதான் எனக்கு நம்பிக்கை குறைவு. குறைபாடு இல்லாதவர்களுக்கு அது பயன் தரும் என்பதற்குச் சான்று மிகக் குறைவு. அதிக அளவில் எடுத்தால் தைராய்டு பரிசோதனை முடிவையே மாற்றிக் காட்டக்கூடும் என்பதால், இரத்தம் கொடுக்கும் முன் அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.