காதுக்குப் பின்னால் இரண்டு விரற்கடை

ஒன்பது வாரம் தினமும் ஒரே முகத்தில்தான் விழித்தேன். வீட்டில் இல்லை, ஆபீஸில். காலையில் கணினியைத் தட்டினால் கறுப்புத் திரையில் சாம்பல் நிறத் தலை ஒன்று மிதக்கும். முடி கிடையாது, கழுத்தோடு நின்றுவிடும். புதிதாகப் பார்க்கிறவர்களுக்குக் கொஞ்சம் கோரமாக இருக்கலாம். எங்களுக்கு அது காய்கறி நறுக்குகிற மாதிரி.

வீடியோ கேம்களுக்குப் பாத்திரங்கள் செய்து கொடுப்பது என் வேலை. இதைச் சொன்னபோது எங்கள் பெரிய மாமா எவர்சில்வரா, பித்தளையா என்று கேட்டார். சென்னையில் உட்கார்ந்துகொண்டு வெளிநாட்டு ஸ்டுடியோக்களுக்குத் தலை, கை, சட்டை, பூட்ஸ் என்று செய்து அனுப்புகிறோம் என்பதை அவருக்கு விளக்கி முடிப்பதற்குள் பந்தியில் பாயசமே வந்துவிட்டது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருப்பதால் எந்த விளையாட்டு, யாருடையது என்று இங்கே சொல்ல முடியாது. பாகம் பாகமாக வருகிற அந்த விளையாட்டில் ஒருவன் இருக்கிறான். முதல் இரண்டு பாகங்களிலும் முகக்கவசத்தை ஒருமுறைகூடக் கழற்றியதில்லை. மூன்றாவதில் கழற்றலாமா, வேண்டாமா என்று அங்கே இன்னும் முடிவாகவில்லை. ஆனால் முடிவாகும்வரை காத்திருந்தால் வேலைக்கு நாள் போதாது. அதனால் "முகத்தைச் செய்து வையுங்கள், தேவைப்பட்டால் எடுத்துக்கொள்கிறோம்" என்று எங்களுக்கு வந்தது. நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் பந்தக்கால் நட்ட கதைதான்.

குறிப்பு ஒரு பக்கம்கூட இல்லை. நாற்பதைத் தாண்டிய ஆள், சரியாகத் தூங்காதவன், மூக்கு ஒருமுறை உடைந்து சேர்ந்தது. கடைசியில் ஒரு வரி: தெரிந்த நடிகர் யாருடைய சாயலும் வந்துவிடக் கூடாது. சரி, இதில் என்ன கஷ்டம் என்று ஆரம்பித்தேன்.

முதல் வடிவத்தைப் பார்த்துவிட்டு, ரொம்ப அழகாக இருக்கிறான் என்றார்கள். தாடையைக் கொஞ்சம் தட்டினேன். இப்போது வில்லன் மாதிரி இருக்கிறான் என்றார்கள். கன்னத்தைக் குறைத்தேன், நோயாளி ஆகிவிட்டான். புருவத்தை ஏற்றினேன், எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவன் போல ஆனான். நான்காவது வாரம் வீடியோ அழைப்பில் ஏழு பேர் இருந்தார்கள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் கதை எழுதுகிறவர், வேலையில் ஒரு குறையும் இல்லை, ஆனால் இது அவன் இல்லை என்றார். மற்ற ஆறு பேரும் தலையாட்டினார்கள்.

எனக்குச் சுருக்கென்றது. அவனை அதுவரை யாருமே பார்த்ததில்லை. அந்தக் கதையை எழுதியவரும் பார்த்ததில்லை. பார்க்காத ஆளை 'இவன் இல்லை' என்று எப்படிச் சொல்ல முடிகிறது?

அன்று சாயங்காலம் டீக்கடையில் எங்கள் குழுவை நடத்துகிற லீட் அக்காவிடம் புலம்பினேன். அவர் சிரித்தார். "என் முகத்தை நீ முதல்ல பார்த்தப்ப உனக்கு என்ன தோணுச்சு, சொல்லு" என்றார். எனக்கு உடனே பிடிபட்டது. அவர் வேலைக்குச் சேர்ந்தது 2021இல். எல்லோரும் மாஸ்க் போட்டிருந்த காலம். இரண்டு மாதம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தோம். ஒருநாள் மாஸ்க்கை இறக்கிக் காபி குடித்தார். எனக்கு யாரோ வேறு ஆள் வந்து அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்ட மாதிரி இருந்தது. முகத்தில் ஒரு குறையும் இல்லை, நல்ல முகம். ஆனால் அந்த இரண்டு மாதத்தில் கண்ணையும் குரலையும் வைத்து மூக்கு, வாய், மோவாய் எல்லாம் நானே செய்து முடித்திருந்தேன், எனக்கே தெரியாமல். அந்த முகம் அன்றைக்குக் காணாமல் போனது. அதை அவரிடம் ஒப்புக்கொண்டேன். "எனக்கும் அப்படித்தான், நீ தாடி வச்சிருப்பேன்னு நினைச்சேன்" என்றார்.

ஒருவருக்கு ஒருவர் இரண்டு மாதத்தில் செய்து வைத்த முகமே அவ்வளவு கெட்டியாக இருந்தது என்றால், ஒரு விளையாட்டைப் பல வருடமாக ஆடுகிறவன் மனதில் இருக்கிற முகத்தோடு நான் எப்படிப் போட்டி போடுவது? என் கையில் இருப்பது ஒன்பது வாரம்.

இதில் அடி வாங்கியவர்கள் கதை எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். மாஸ் எஃபெக்ட் என்கிற விண்வெளி விளையாட்டுத் தொடரில் டாலி என்று ஒரு வேற்றுக்கிரகப் பெண். அவள் இனத்துக்கு நோய் எதிர்ப்புச் சக்தி குறைவு, அதனால் உடல் முழுக்க மூடிய உடை, முகத்தில் கண்ணாடி மறைப்பு. உள்ளே இரண்டு கண்கள் மங்கலாக மின்னும், அவ்வளவுதான். 2007இல் முதல் பாகம். 2010இல் வந்த இரண்டாம் பாகத்தில் அவளைக் காதலிக்கவும் வழி செய்தார்கள். ஐந்து வருடம் ரசிகர்கள் தங்களுக்குப் பிடித்த மாதிரியெல்லாம் அவள் முகத்தை வரைந்து தள்ளினார்கள். 2012இல் மூன்றாம் பாகம். அவளைக் காதலித்திருந்தால் நம் அறையில் ஒரு சட்டம் போட்ட புகைப்படம் கிடைக்கும், அதில் அவள் முகம். அது யார் வேண்டுமானாலும் விலைக்கு வாங்கக்கூடிய ஒரு ஸ்டாக் போட்டோ, அதில் நிறத்தையும் கண்ணையும் மாற்றி வைத்திருக்கிறார்கள் என்று ஆட்கள் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்கள். அப்புறம் கேட்க வேண்டுமா? 2021இல் மூன்று பாகங்களையும் புதுப்பித்து வெளியிட்டபோது அந்தப் படத்தை மாற்றினார்கள்.

இதை எல்லோரும் சோம்பேறித்தனத்துக்கு உதாரணமாகச் சொல்வார்கள். நான் முழுதாக அப்படி நினைக்கவில்லை. கடைசி நேரத்தில் என்னென்ன வெட்டப்படும், எதற்கு ஆள் இருக்காது என்பதெல்லாம் உள்ளே இருக்கிறவனுக்குத் தெரியும். அந்த இடத்தில் உலகத்திலேயே சிறந்த கலைஞனை உட்கார வைத்து மூன்று மாதம் கொடுத்திருந்தாலும் பாதிப்பேர் 'இது அவள் இல்லை' என்றுதான் சொல்லியிருப்பார்கள். கோபம் கொஞ்சம் குறைந்திருக்கும், ஏமாற்றம் குறைந்திருக்காது.

அதே 2012இல்தான் ஹேலோ என்கிற இன்னொரு விளையாட்டுத் தொடரின் நான்காம் பாகம், ஹேலோ 4, வந்தது. முகமூடிகளுக்கு ஆகாத வருடம் போலிருக்கிறது. அதன் நாயகன் மாஸ்டர் சீஃப்பின் தங்க நிறக் கண்ணாடிக்குப் பின்னால் என்ன என்பது 2001இல் முதல் ஆட்டம் வந்ததிலிருந்தே பேச்சு. அந்த ஆட்டத்தின் முடிவில் ஹெல்மெட்டைக் கழற்றுவார், சரியாக அந்த நேரம் காமிரா மேலே போய்விடும். சும்மா விடுவார்களா? காமிராவை இழுத்துத் திருப்பிப் பார்த்தவர்களுக்கு ஹெல்மெட்டுக்குள் இன்னொரு ஹெல்மெட்தான் கிடைத்தது. இதைக் கேட்டு வெளியாட்கள் சிரிப்பார்கள். எங்களுக்கு இது நடைமுறை. காமிரா பார்க்காத இடத்தில் நாங்கள் எதையும் வைக்க மாட்டோம். சட்டைக்குள் மார்பு இருக்காது, பூட்ஸுக்குள் பாதம் இருக்காது. ஹேலோ 4இல் மிகக் கடினமான நிலையில் ஆடி முடித்தவர்களுக்கு மட்டும் கண்களைக் காட்டினார்கள். அதுவும் கண்களும் சுற்றியுள்ள கொஞ்சம் தோலும், சில நொடிகள். அது புத்திசாலித்தனம் என்பேன். ரசிகன் கட்டிய வீட்டை இடிக்காமல் ஒரு ஜன்னலை மட்டும் திறந்தார்கள். 2022இல் வந்த ஹேலோ தொலைக்காட்சித் தொடரில் முதல் அத்தியாயத்திலேயே ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டார்கள். ஒரு முழுத் தொடரை முகம் தெரியாத நடிகரை வைத்து ஓட்டுவது சிரமம் என்ற அவர்கள் பக்கமும் எனக்குப் புரிகிறது. ஆனால் எனக்கு ஒட்டவில்லை.

கழற்றி ஜெயித்தவர்களும் உண்டு. 1986இல் வந்த மெட்ராய்ட் விளையாட்டு. கவசம் போட்ட வேட்டைக்காரன் என்று நினைத்து ஆடுகிறோம். ஆங்கிலக் கையேட்டிலேயே 'அவன்' என்றுதான் இருந்தது. ஐந்து மணி நேரத்துக்குள் முடித்தால் கடைசியில் தலைக்கவசம் இல்லாமல் நிற்பது ஒரு பெண். அந்தக் காலத்துப் புள்ளிப் படத்தில் மூக்குகூடச் சரியாகத் தெரியாது. அது தேவையும் இல்லை. அங்கே காட்டியது முகத்தை இல்லை, ஒரு சேதியை.

இதுதான் எனக்குக் கிடைத்த பிடி. எங்கள் ஆள் கவசத்தைக் கழற்றினால் என்ன சேதி தெரியும்? அவன் பெண் இல்லை, வேற்றுக்கிரகவாசி இல்லை, செத்துப்போனதாக நம்பிய அண்ணன் இல்லை. தூக்கம் போதாத நாற்பது வயது ஆண். அதை அவன் நடையே முதல் பாகத்தில் சொல்லிவிட்டது.

நடை என்றதும் அனிமேஷன் பக்கத்து அண்ணனைச் சொல்லாமல் விட முடியாது. கூத்தில் வேஷக்காரர் முதலில் திரைக்குப் பின்னால் நின்று பாடுவார், கிரீடத்தின் நுனி ஆடுவதைப் பார்த்தே ஊர் நிமிர்ந்து உட்காரும் என்று சொல்கிற ஊர்க்காரர் அவர். "முகமூடிக்காரனுக்குக் கழுத்துதான்பா முகம்" என்பார். ஒருநாள் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டினார். அதே கவசம், அதே வெளிச்சம். தலையை நாலு டிகிரி கீழே சாய்த்தார், அவன் துக்கத்தில் இருந்தான். கீழே சாய்த்ததோடு கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பினார், சந்தேகப்பட்டான். பேசி முடித்த பிறகு அரை நொடி தாமதித்துத் தலையை நிமிர்த்தினார், பொய் சொல்கிறான் என்று தோன்றியது. கவசத்தில் ஒரு புள்ளி அசையவில்லை. நான் செய்த முகத்துக்கோ 52 அசைவு வடிவங்கள். ஐபோன் முகத்தைப் படிக்கும்போது தருகிற எண்ணிக்கை அது, எங்களுக்கும் அதுதான் அடிப்படைக் கணக்கு. அதற்கு மேல் பல், நாக்கு, இமை முடி, கண்ணோரத்து ஈரம். வாய் தெரிந்தால் டப்பிங் செய்கிற ஒவ்வொரு மொழிக்கும் உதட்டசைவு பற்றிக் கவலைப்பட வேண்டும். இத்தனையும் சேர்ந்து அந்த நாலு டிகிரி சொன்னதைச் சொல்லுமா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

இருந்தாலும் கழற்ற வேண்டும் என்றே வேண்டிக்கொண்டேன். கைவேலை செய்தவனின் ஆசை அது. உடைந்து சேர்ந்த மூக்கை நிஜமாக்க மூன்று நாள் உழைத்திருக்கிறேன். அதை நாலு பேர் பார்க்க வேண்டாமா?

ஒன்பதாவது வாரம் வெள்ளிக்கிழமை மின்னஞ்சல் வந்தது. மூன்றே வரி. கடைசிக் காட்சியில் கவசத்தைக் கழற்றுவான், காமிரா பின்னால் இருக்கும், திரும்ப மாட்டான். இரண்டாவது வரி, முகத்தின் கோப்பு எதுவும் ஆட்டத்துக்குள் போகக் கூடாது. போனால் வெளியான அன்றே யாராவது தோண்டி எடுத்துப் பரப்பிவிடுவார்கள். மூன்றாவது வரி நன்றி. நல்ல முடிவு என்று மூளைக்குத் தெரிந்தது. சாப்பாடு இறங்கவில்லை. 'எங்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால்' என்று ஒரு பதில் எழுதி, அனுப்பாமல் அழித்தேன். லீட் அக்கா வந்து தோளைத் தட்டிவிட்டு, "அப்போ பின்னந்தலை யார் செய்யறது, நீயே செஞ்சிடு" என்றார்.

பின்னந்தலையை அதுவரை யாரும் கவனிக்கவில்லை. கவசத்துக்குள் மறைந்திருக்கும் என்று ஒப்புக்கு ஒரு முடியை ஒட்டி வைத்திருந்தேன். இப்போது அதுதான் மொத்தக் காட்சியும். இத்தனை வருடம் கவசம் போட்டவன் கழற்றினால் பிடரி எப்படி இருக்கும்? மாதிரிப் படம் தேடி நேரத்தை வீணாக்கினேன். அப்புறம் காலை ஒன்பதரைக்கு எங்கள் பார்க்கிங்கில் போய் நின்றேன். பைக்கில் வருகிற அத்தனை பேரும் மாதிரிதானே. ஹெல்மெட் கழன்றதும் முடி மேலே படிந்து, விளிம்புக்குக் கீழே மட்டும் வேர்வையில் சுருண்டு நிற்கும். வார் அழுத்திய இடத்தில் காதுக்குப் பின்னால் இரண்டு விரற்கடைக்குத் தோல் வெளுத்து, நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெதுவாகச் சிவக்கும். அந்த இடத்தில் முடி நாள்பட உரசித் தேய்ந்திருக்கும். அடுத்தவர் பிடரியை எவ்வளவு நேரம்தான் உற்றுப் பார்க்க முடியும்? செக்யூரிட்டி அண்ணன் ஒரு மாதிரியாகப் பார்க்க ஆரம்பித்தார். அதனால் ரிக் போடுகிற, அதாவது உருவங்களை அசைக்க உள்ளே எலும்பு மாட்டுகிற தம்பியைக் கூப்பிட்டு என் பின்னந்தலையையே நாற்பது ஐம்பது படம் எடுக்கச் சொன்னேன். "அண்ணா, இந்தப் பக்கம் கொஞ்சம் சொட்டை விழுது" என்றான் அவன், கேட்காமலே.

ஆட்டம் வெளியானதும் ஊருக்குப் போயிருந்தபோது கடைசிக் கட்டத்தை வீட்டு டிவியில் ஓட்டினேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கவசம் மெல்ல மேலே போனது. காது, வார் பதிந்த வெளுப்பு, காய்ந்த முடி. மொத்தம் மூன்று நொடி இருக்கலாம்.

"திரும்புவானா?"

"மாட்டான்மா."

அம்மா கீரையைக் கீழே வைத்துவிட்டு டிவிக்குக் கிட்டே வந்து பார்த்தாள். "எண்ணெய் வைக்காம எப்படிக் காஞ்சு கெடக்கு பாரு, உன் தலை மாதிரியே" என்றாள்.