இன்வெர்ட்டர் இருந்தும் சர்வருக்குத் தனி யுபிஎஸ் வாங்கிய கதை

பாளையங்கோட்டை வீட்டில் மாடிப்படிக்குக் கீழே என் சர்வர் இருக்கிறது. பழைய மினி பிசி, ஒரு 4 டிபி ஹார்ட் டிஸ்க், டெபியன் என்ற லினக்ஸ். குடும்பப் படங்கள் அத்தனையும் அதில்தான். வீட்டில் 150 ஏஎச் டியூபுலர் பேட்டரியோடு இன்வெர்ட்டர் ஓடுகிறதே, கரன்ட் போனதும் சட்டென்று பேட்டரிக்கு மாறும் யுபிஎஸ் பெட்டி தனியாக எதற்கு என்று மூன்று வருடம் இருந்துவிட்டேன்.

போன ஆவணியில் தங்கச்சி மகளுக்குக் குலதெய்வம் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்தினோம். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும், என் மடிதான். அன்று இரவே கேமரா கார்டில் இருந்த 412 படங்களையும் சர்வரில் ஏற்றிவிட்டு, கார்டைக் காலி செய்தேன். கால் நிமிடம் ஆகியிருக்காது, கரன்ட் போனது. ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. சர்வர் மட்டும் அணைந்து மறுபடி எழுந்தது. நானும் விட்டுவிட்டேன். பத்து நாள் கழித்துத் தங்கச்சி, "அண்ணா, காது குத்துற போட்டோ எதுவுமே தொறக்க மாட்டேங்குது" என்றாள். கடைசி 17 கோப்புகள். பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது, அளவு 0 பைட். அதற்குள் கார்டில் வேறு படங்கள் ஏறிவிட்டன. சித்தப்பா போனில் எடுத்த ஒரே படம்தான் மிச்சம்.

காப்பி முடிந்தது என்று லினக்ஸ் சொன்னாலும், கடைசியாக வந்தது கொஞ்ச நேரம் மெமரியிலேயே இருக்கும். டிஸ்கில் எழுத அரை நிமிடம்வரை ஆகலாம். அதற்குள் மின்சாரம் அறுந்தால் பெயர் மட்டும் தங்கும், உள்ளே ஒன்றும் இருக்காது.

சரி, இன்வெர்ட்டர் ஏன் தாங்கவில்லை? பின்பக்கம் ஒரு சுவிட்ச் இருக்கிறது. யுபிஎஸ் மோடில் வைத்தால் பத்துப் பதினைந்து மில்லிசெகண்டில் பேட்டரிக்கு மாறும். சாதாரண மோடில் 40 வரை போகும். மின்சாரம் இல்லாமல் கம்ப்யூட்டரின் பவர் சப்ளை மூச்சுப் பிடிப்பதோ சுமார் 16, 17 மில்லிசெகண்ட். எங்கள் தெருவில் சாயங்காலமானால் வோல்டேஜ் 180க்குக் கீழே இறங்கும். யுபிஎஸ் மோடில் அப்போதெல்லாம் பேட்டரி ஓடத் தொடங்கிவிடும் என்று எலெக்ட்ரீஷியன் சாதாரண மோடுக்குத் தள்ளியிருந்தார். பேட்டரிக்கு அதுதான் நல்லது. அதனால் சுவிட்சை நான் தொடவில்லை. இன்வெர்ட்டர் லைனிலேயே ஒரு சின்ன யுபிஎஸ் போடுவது என்று முடிவு செய்தேன்.

கடையில் எத்தனை நிமிஷம் பேக்கப் வேண்டும் என்றுதான் கேட்டார்கள். எனக்கு நிமிஷம் முக்கியமில்லை. சர்வர், டிஸ்க், ரூட்டர் எல்லாம் சேர்ந்து வாட் மீட்டரில் 41 வாட்தான் காட்டியது. 600 விஏ யுபிஎஸ்ஸே 360 வாட் தரும். நான் கேட்டது யுஎஸ்பி டேட்டா போர்ட். கம்ப்யூட்டரிடம் பேசத் தெரியாத யுபிஎஸ் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், ஆள் இல்லாத வீட்டில் கடைசியில் பொத்தென்று அணையத்தான் போகிறது. நான்காவது கடையில் கிடைத்தது.

யுபிஎஸ்ஸைக் கண்காணிக்க நெட்வொர்க் யுபிஎஸ் டூல்ஸ் என்ற மென்பொருள், சுருக்கமாக நட். என் யுபிஎஸ் விலை குறைந்த மாடல். பேட்டரியின் வோல்டேஜை மட்டும் சொல்லும், சதவீதத்தை நட் அதிலிருந்து ஊகிக்கும். அதை நம்பி உட்காரக் கூடாது. 52 நிமிடம் வரும் என்று காட்டியது. சர்வரைக் கழற்றிவிட்டு அதே அளவு பல்புகளை மாட்டிப் பார்த்தேன், 34 நிமிடத்தில் அணைந்தது. அதனால் நேரக் கணக்கு வைத்தேன்: பேட்டரிக்கு மாறி 5 நிமிடம் தொடர்ந்தால் சர்வர் தானே முறையாக அணைய வேண்டும். இன்வெர்ட்டர் மாறுகிற நொடிகள் நட்டின் பதிவேட்டில் ஒரு வரியாக வந்து போகும், அவ்வளவுதான்.

ஒரு சிக்கல் மட்டும் இரண்டு நாள் இழுத்தது. சர்வர் அணைந்துகொண்டிருக்கும்போதே கரன்ட் திரும்பிவிட்டால், யுபிஎஸ் சர்வருக்குப் போகும் மின்சாரத்தை அறுக்கவே இல்லை. கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்பான பயாஸில் கரன்ட் வந்ததும் எழு என்று வைத்திருந்தும் சர்வர் எழாது. அதன் கண்ணில் மின்சாரம் போகவே இல்லையே. அணையும் கடைசிக் கட்டத்தில், வெளியீட்டை நிறுத்தி மறுபடி கொடு என்று நட் யுபிஎஸ்ஸுக்கு உத்தரவு போடும்படி அமைத்த பிறகு சரியானது.

முதலில் யுபிஎஸ்ஸைப் பரணில் வைத்திருந்தேன். சித்திரை வெயிலில் அங்கே கை வைக்க முடியாது. லெட் ஆசிட் பேட்டரிக்கு 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதி என்பார்கள், கீழே இறக்கிவிட்டேன். மாதத்தின் முதல் ஞாயிறு பிளக்கைப் பிடுங்கி ஒரு நிமிடம் பார்ப்பேன். புதிதில் பேட்டரி 12.4 வோல்ட்டில் நின்றது. இப்போது 12.1. பதினொன்றரைக்கு வந்தால் 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி புதிதாக வாங்கிவிடுவேன்.

போன மாதம் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு மின்தடை. மதியம் 3:10க்கு இன்வெர்ட்டர் பேட்டரியும் தீர்ந்தது. ஆபீஸில் இருந்தேன், போனில் வந்தது: "பேட்டரியில் ஓடுகிறது". 3:15க்கு "அணைகிறேன்". 5:22க்கு "எழுந்துவிட்டேன்". அதற்கு முன்பே அம்மா கூப்பிட்டுக் கரன்ட் வந்ததைச் சொல்லியிருந்தாள்.