திராட்சைத் தோலும் மாத்திரைக் குப்பியும்

மருந்துக் கடையில் எனக்கு முன்னால் நின்றிருந்த பெரியவர், கருந்திராட்சைக் கொத்துப் படம் போட்ட மாத்திரைக் குப்பியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது இதயத்துக்கு நல்லதுதானே, தம்பி?" என்று என்னிடம் கேட்டார்.

குப்பிக்குள் இருப்பது ரெஸ்வெரட்ரால்.

பூஞ்சைத் தாக்குதலிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளத் திராட்சை பெரும்பாலும் தன் தோலில் சேர்த்துவைக்கும் பொருள் அது.

ஆய்வகச் சோதனைகளில் அது இரத்தக் குழாய்களைத் தளர்த்துவது உண்மைதான். ஆனால், இத்தாலியின் கியாந்தி பகுதியில் 65 வயதைக் கடந்த 783 பேரின் சிறுநீரில் அதன் எச்சத்தை அளந்து, ஒன்பது ஆண்டுகள் அவர்களைத் தொடர்ந்து கவனித்து 2014இல் வெளியிடப்பட்ட ஆய்வில், உணவின் வழியாக அதிகம் உட்கொண்டவர்களுக்கு இதயநோயோ இறப்போ குறைந்ததாகத் தெரியவில்லை.

மாத்திரையில் அளவு பன்மடங்கு என்று விற்பவர்கள் சொல்வார்கள், விலையும் அப்படித்தான்.

அந்த அளவு மாரடைப்பைத் தடுக்கும் என்பது இன்னும் நிறுவப்படவில்லை. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் போன்ற மருந்து உட்கொள்பவர்களுக்கோ இரத்தக்கசிவு அபாயத்தை அது கூட்டக்கூடும் என்பதால், மருத்துவரைக் கேட்காமல் வாங்க வேண்டாம் என்றே அவரிடம் சொன்னேன்.