சோளம் கப்பலேறியது, சுண்ணாம்பு ஏறவில்லை

இரவெல்லாம் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறிய மக்காச்சோளம். இன்று காலை கையால் தேய்த்ததுமே தோல் வழுக்கிக்கொண்டு கழன்றது.

ஒரு கிலோவுக்கு 10 கிராம் நீற்றிய சுண்ணாம்பு, 3 லிட்டர் தண்ணீர். அரை மணி நேரம் கொதி, 8 மணி நேரம் ஊறல், நன்றாக அலசல். சுண்ணாம்பு கூடினால் கசக்கும். போடாவிட்டால் ரொட்டி தட்டும்போதே விண்டுபோகும்.

மெக்சிகோவின் நவாட்ல் மொழியில் இது நிஷ்டமல்லி. சோளத்தில் பூட்டிக் கிடக்கும் நியாசின் என்ற வைட்டமினை (பி3) உடம்புக்குச் சேரவைப்பது இந்தச் சுண்ணாம்புதான்.

ஸ்பானியர்கள் சோளத்தை மட்டும் ஊருக்குக் கொண்டுபோனார்கள். (பெண்களின் அடுப்படிப் பக்குவத்தை யார் கவனித்தார்கள்?)

1735-இல் ஸ்பெயினின் அஸ்தூரியாஸில், தோல் சிவந்து வெடித்த ஏழை விவசாயிகளைக் கஸ்பார் கசால் என்ற மருத்துவர் பார்த்தார். அவர்களுடைய முக்கிய உணவு மக்காச்சோளம். நோய், நியாசின் குறைவால் வரும் பெலாக்ரா.

கழுத்தைச் சுற்றி வரும் அந்தத் தடிப்புக்கு இன்றும் ‘கசால் கழுத்தணி’ என்றே பெயர்.