பரங்கிமலையில் பழகி, பர்வதமலை ஏறி

ஜனவரி 4, 2025, சனி

பர்வதமலை போவது என்று இன்றைக்கு முடிவாகிவிட்டது. அத்தை ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்ததுதான். கல்யாணமான புதிதில் மாமாவோடு ஏறியிருக்கிறார். புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, கடப்பாரையையும் சங்கிலியையும் பிடித்துப் பிடித்து ஏறிய கதையை என் மகள் நூறு தடவையாவது கேட்டிருப்பாள். மாமா போன பிறகு அத்தை மலைப் பேச்சையே எடுப்பதில்லை. இன்று காலை வாசலில் கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்தவர், "முழங்கால் சொன்ன பேச்சு கேட்கும்போதே ஒரு தடவை போயிட்டு வந்துடணும்மா" என்றார். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

பர்வதமலை திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூரைத் தாண்டி இருக்கிறது. தென்மாதிமங்கலத்திலிருந்து ஒரு பாதை, கடலாடியிலிருந்து ஒரு பாதை. உச்சியில் மல்லிகார்ஜுனரும் பிரமராம்பிகையும். முதலில் படிகள், பிறகு கரடுமுரடான பாறை, கடைசியில் செங்குத்தாகக் கடப்பாரைப் படி, தண்டவாளப் படி, ஏணிப்படி. அந்தக் கடைசிப் பகுதியை நினைத்தால்தான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. சின்னவனுக்கு ஒன்பது வயது, அத்தைக்கு அறுபத்தாறு.

பௌர்ணமி இரவில் ஏறலாம், வெயில் தெரியாது, கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விடலாம் என்றார் இவர். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பௌர்ணமியன்று அந்தப் பாதையில் ஆள் மேல் ஆள் நிற்பார்கள். பின்னால் வருகிறவர்கள் நெருக்கினால் அத்தை தன் வேகத்தில் கால் வைக்க முடியாது. கூட்டமில்லாத ஒரு சனிக்கிழமை, விடியற்காலையில் கிளம்புவது என்று பேசி முடித்தோம்.

ஜனவரி 6, திங்கள்

அத்தையை டாக்டரிடம் கூட்டிப் போனேன். இரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது. இதயத்துக்கு ஒரு ஈசிஜி எடுத்துப் பார்த்தார்கள், அதுவும் சரி. முழங்காலைப் பற்றி அவர் சொன்னது எனக்குப் புதிது. ஏறும்போது மூச்சுதான் வாங்கும், முட்டிக்கு உண்மையான சோதனை இறங்கும்போதுதானாம். ஒவ்வொரு படியிலும் உடம்பின் எடையைத் தொடைத் தசை நீண்டுகொண்டே தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தசைக்குப் பழக்கம் இல்லையென்றால் பாரமெல்லாம் முட்டியில் இறங்கிவிடும். "ஏறிப் பழகுங்க, இறங்கியும் பழகுங்க. கையில ஒரு கம்பு கட்டாயம்" என்றார்.

ஜனவரி 12, ஞாயிறு

பழவந்தாங்கலில் இருப்பவர்களுக்குப் பழக வேறு மலை எதற்கு, பரங்கிமலை இருக்கும்போது? உயரம் முந்நூறு அடிதான். ஆனால் அடிவாரத்து வளைவிலிருந்து மேலே கோயில் வரைக்கும் படி ஒழுங்காக இருக்கிறது, நடுநடுவே உட்காரலாம். விடிந்தும் விடியாமலும் போய்விட்டால் வெயிலும் இல்லை. அத்தை மேலே போய் மாதா கோயிலில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத்தான் இறங்குவார். போர்ச்சுகீசியர் 1523-ல் கட்டிய கோயில் அது. படிகளைப் போட்டுக் கொடுத்தவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வியாபாரி. யார் யாரோ வந்து யாருக்காகவோ போட்ட படியில் இன்றைக்கு எங்கள் அத்தை ஏறுகிறார். எனக்கு அது பெரிய விஷயமாகப் பட்டது.

மேலே நின்றால் விமான நிலையத்து ஓடுபாதை முழுசாகத் தெரிகிறது. சின்னவன் விமானங்களைப் பார்த்துக்கொண்டே நின்றான். பெரியவளுக்கு நான் நில அளவை செய்த லாம்டனைப் பற்றிச் சொன்னேன். 1802 ஏப்ரலில் இந்த மலைப் பக்கத்திலிருந்துதான் வில்லியம் லாம்டன் எஃகுச் சங்கிலியை வைத்து, பெரும்பாக்கம் பக்கம் வரைக்கும் சுமார் ஏழரை மைல் அளந்தார். அந்த ஒரு கோட்டை வைத்துக்கொண்டு முக்கோணம் மேல் முக்கோணமாக அளந்துகொண்டே வடக்கே போனார்கள். லாம்டன் காலத்துக்குப் பிறகும் அந்த வேலை நிற்கவில்லை. கடைசியில் 1856-ல் எவரெஸ்டின் உயரம் 29,002 அடி என்று அறிவித்தார்கள். "அப்ப எவரெஸ்ட்டுக்கு அளவு நம்ம ஏரியாவுல ஆரம்பிச்சதாம்மா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். இறங்கும்போது அவள்தான் பாட்டிக்கு முன்னால் நின்று ஒவ்வொரு படியாகக் கை கொடுத்தாள்.

இவரும் வந்தார். மேலே மதில் ஓரத்துக்கு மட்டும் வரவில்லை, கோயில் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டார். கால் வலி போலிருக்கிறது என்று நினைத்தேன்.

ஜனவரி 16, வியாழன்

காணும் பொங்கல். ஊரே மெரினாவுக்குப் போயிருக்கும். நாங்கள் கரும்பைக் கடித்துக்கொண்டு வீட்டிலேயே சாமான் பட்டியல் போட்டோம். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், அத்தையின் பங்கு எங்கள் பைகளில். ஓஆர்எஸ் பொட்டலம், எலுமிச்சம்பழம், உப்பு, வெல்லம், பேரீச்சம்பழம். மேலே அபிஷேகத்துக்குத் தனியாக ஒரு பாட்டில் தண்ணீர், நல்லெண்ணெய், திரி, விபூதி. சாப்பாட்டுக்குப் புளியோதரை. தயிர் சாதம் வெயிலில் புளித்துவிடும், வேண்டாம் என்றார் அத்தை. குரங்கு பறிக்கும் என்பதால் கையில் எதுவும் இருக்கக் கூடாது, எல்லாம் முதுகுப் பையில், ஜிப் போட்டு.

சாப்பிட்டு முடித்ததும் எல்லாரையும் உட்கார வைத்து ஒரு விஷயம் சொன்னேன். மலையில் யாருக்கு எந்த இடத்தில் முடியவில்லையோ அந்த இடத்தில் "நான் நிக்கிறேன்" என்று சொன்னால் போதும். காரணம் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்கள் "இன்னும் கொஞ்சம்தான், வந்துடு" என்று இழுக்கக் கூடாது, கேலியும் கூடாது. நிற்பவரோடு பெரியவர் ஒருவர் நிற்கலாம், அல்லது எல்லாருமே திரும்பலாம். அத்தை "இது எனக்காகத்தானே சொல்றே" என்றார். இல்லை, எல்லாருக்கும்தான் என்றேன். உள்ளபடியே சொன்னால் அத்தையையும் சின்னவனையும் மனதில் வைத்துத்தான் யோசித்தேன். ஆனால் சட்டம் என்றால் வீட்டில் எல்லாருக்கும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

ஜனவரி 24, வெள்ளி இரவு, போளூர்

பள்ளிக்கூடம் விட்டதும் காரில் கிளம்பி ஆற்காடு, ஆரணி வழியாக வந்து சேர்ந்தோம். ஸ்ரீபெரும்புதூர் தாண்டுவதற்குள் பாதிப் பொழுது போய்விட்டது. லாட்ஜில் அறை சுமார்தான், ஒரு ராத்திரிதானே.

வழியில் பெரியவள் தமிழ் ஐயா சொன்னதைச் சொல்லிக்கொண்டு வந்தாள். மலைபடுகடாத்தில் வரும் நவிரமலை இந்தப் பர்வதமலைதான் என்பார்களாம். நன்னன் என்ற மன்னனைப் பார்க்கப் போகும் கூத்தருக்கு வழி சொல்லும் பாட்டு அது. பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், பாம்பு எந்தக் குழியில் கிடக்கும், பாசி படிந்து வழுக்கும் இடத்தில் எப்படிக் கால் வைக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. முன்னால் போனவன் பின்னால் வருகிறவனுக்கு அக்கறையாகச் சொல்வது அது. நாளைக்கு எங்களுக்கும் அதேதான் வேண்டும்.

ஜனவரி 25, சனி, இரவு

கால் கெஞ்சுகிறது, ஆனாலும் இன்றே எழுதிவிட வேண்டும்.

இருட்டு பிரிவதற்குள் தென்மாதிமங்கலத்திலிருந்து நடக்க ஆரம்பித்தோம். அடிவாரத்தில் வீரபத்திரரைக் கும்பிட்டுவிட்டுப் படி ஏறினோம். முன்னால் அத்தை, அவர் கையில் மூங்கில் கம்பு. அவர் எப்போது நிற்கிறாரோ அப்போது எல்லாரும் நிற்க வேண்டும். அப்படி வைத்துக்கொண்டதில் சின்னவன்கூட மூச்சு இரைக்காமல் வந்தான். எங்களைத் தாண்டிக் குதித்து ஓடிய கல்லூரிப் பையன்கள் சிலரைப் படி முடியும் இடத்தில் பார்த்தோம், நாக்கு வறண்டு பாறையில் சாய்ந்து கிடந்தார்கள். அத்தை அவர்களுக்கு ஆளுக்கொரு வெல்லத் துண்டு கொடுத்துவிட்டு நடந்தார்.

படிகள் முடிந்ததும் பாதை பாறையும் வேருமாக மாறுகிறது. குமரி நெட்டு என்கிறார்கள். அண்ணாந்து பார்த்தால் போய்க்கொண்டே இருக்கிறது. அங்கே அத்தை ஒருமுறை உட்கார்ந்துவிட்டார். உதடு வெளுத்திருந்தது. ஓஆர்எஸ் கரைத்துக் கொடுத்து, காலை நீட்டி வைத்து, இருபது நிமிஷம் நிழலில் இருந்தோம். நான் எதுவும் கேட்கவில்லை. அவரே கம்பை ஊன்றி எழுந்தார்.

அப்புறம் கடப்பாரை நெட்டு. படங்களில் பார்த்ததற்கும் நேரில் நிற்பதற்கும் சம்பந்தமே இல்லை. பாறையில் துளை போட்டு இரும்புக் கம்பிகளை அடித்து இறக்கியிருக்கிறார்கள். பக்கத்தில் சங்கிலி. கை படும் இடமெல்லாம் வழவழவென்று தேய்ந்து பளபளக்கிறது, கை படாத அடிப்பக்கம் மட்டும் துருவேறிக் கறுத்திருக்கிறது. அத்தை ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இதேதான், இதேதான்" என்றார். பிறகு புடவையை இடுப்பில் செருகினார். கம்பை என்னிடம் கொடுத்தார். ஒரு கால் வைத்து, அது நிலைத்த பிறகு கையை மாற்றி, கை நிலைத்த பிறகு அடுத்த கால். இரண்டையும் ஒரே நேரத்தில் எடுக்கவே இல்லை. பெரியவள் அவருக்குக் கீழே நின்று பாட்டியின் பாதத்தைப் பார்த்துப் பார்த்துப் படியில் வைத்தாள்.

அதைத் தாண்டி ஏணிப்படி. இரண்டு பாறைகளுக்கு நடுவே இரும்பு ஏணி. மிதிக்கும் கம்பிகளுக்கு இடையில் கீழே மர உச்சிகள் தெரிகின்றன. முதலில் சின்னவனும் நானும், பிறகு பெரியவளும் அத்தையும், கடைசியில் இவர் என்று ஏற்பாடு. நான் முதல் கம்பியில் கால் வைத்தபோது பின்னாலிருந்து இவர் குரல் கேட்டது.

"நான் நிக்கிறேன்."

திரும்பிப் பார்த்தேன். பாறையோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார். முகமெல்லாம் வியர்வை. தினமும் ஷட்டில் ஆடுகிற மனுஷன், ரெண்டு பையைச் சேர்த்துச் சுமந்து வந்தவர். உயரம் என்றால் இவருக்கு இப்படி ஆகும் என்று கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரியாது. பரங்கிமலை மதில் ஓரத்துக்கு ஏன் வரவில்லை என்பது அந்த நொடியில் புரிந்தது. சின்னவன் வாயைத் திறந்தான். பெரியவள் அவன் தோளில் கை வைத்தாள், அவன் மூடிக்கொண்டான். அத்தை மகனிடம் போய் முந்தானையால் நெற்றியைத் துடைத்துவிட்டு, "பையெல்லாம் வெச்சுக்கிட்டு உக்காருப்பா. குரங்கு வரும், பாத்துக்க" என்றார். அவ்வளவுதான். நான் கூட நிற்கட்டுமா என்றேன். "நீ போ. அம்மாவைக் கூட்டிட்டுப் போய்ட்டு வா" என்றார். இவ்வளவு பேர் முன்னால், மகன் முன்னால், அதைச் சொன்னாரே என்று எனக்கு அவர் மேல் மதிப்பு கூடித்தான் போனது.

நாங்கள் நால்வரும் உச்சிக்குப் போனோம். காற்று காதை அடைக்கிறது. கோயிலுக்குள் போனால் மல்லிகார்ஜுனரை நம் கையாலேயே தொட்டு அபிஷேகம் செய்யலாம். நம் ஊர்க் கோயில்களில் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று எட்டி எட்டிப் பார்த்தே பழகியவர்கள் நாம். அத்தைக்குக் கை நடுங்கியது. பழவந்தாங்கல் வீட்டில் பிடித்துக் கொண்டுவந்த தண்ணீரைப் பாட்டிலோடு பேரன், பேத்தி இருவர் கையிலும் கொடுத்து, அவர்கள் கையைத் தன் கையால் தாங்கிக்கொண்டு ஊற்ற வைத்தார். மாமா பேரைச் சொன்னார், இவர் பேரைச் சொன்னார். அம்பாள் சன்னதியில் பெரியவள் விளக்கேற்றினாள். அப்போதுதான் அத்தை அழுதார். நானும்தான்.

இறங்கும்போது பின்பக்கமாகத் திரும்பி, பாறையைப் பார்த்தபடியே இறங்கினோம். அதுதான் பத்திரம். ஏணி அடியில் இவர் எல்லாப் பைகளையும் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிரசாத விபூதியை அத்தை பூசிவிட்டார். அங்கேயே புளியோதரையைச் சாப்பிட்டோம். கடப்பாரைக்குக் கீழே வந்த பிறகு அத்தையின் முட்டிக்கு இவர்தான் துணை. ஒவ்வொரு உயரப் படிக்கும் முன்னால் இறங்கி நின்று தோளைக் கொடுத்தார். அடிவாரம் வரும்போது வெயில் சாய்ந்துவிட்டது.

ஜனவரி 28, செவ்வாய், சென்னை

ஞாயிற்றுக்கிழமையைவிட நேற்றுத்தான் வலி அதிகம். இறங்கிய வலி இரண்டாம் நாள்தான் முழுசாகக் காட்டும் என்று டாக்டர் சொன்னது அப்படியே நடந்தது. மாடிப்படியைப் பக்கவாட்டில் இறங்குகிறேன். அத்தை வெந்நீர் ஒத்தடம், தைலம் என்று இருந்தாலும் முட்டி வீங்கவில்லை. பழகியது வீண்போகவில்லை.

நேற்று இரவு இவர் தானாகவே பேசினார். சின்ன வயதில் ஊரில் தண்ணீர்த் தொட்டி ஏணியில் பாதியில் மாட்டிக்கொண்டாராம், ஆள் வந்து இறக்கிவிட வேண்டியிருந்ததாம். அன்றிலிருந்தே இப்படித்தானாம். யாரிடமும் சொன்னதில்லை. "நீ அந்தச் சட்டம் போடலன்னா பேசாம ஏறியிருப்பேன். நடுவுல என்ன ஆகியிருக்குமோ" என்றார். எனக்கு நினைக்கவே பயமாக இருந்தது. ஏணி நடுவில் கை மரத்து நின்றிருந்தால் கீழே இருந்து யார் என்ன செய்திருக்க முடியும்?

பள்ளிக்கூடத்தில் சின்னவனைக் கேட்டார்களாம், எல்லாரும் உச்சிக்குப் போனீங்களா என்று. "நாங்க நாலு பேரும் மேல போனோம். அப்பா ஏணி வரைக்கும் வந்தாரு, அங்க நின்னுட்டாரு" என்று சொல்லியிருக்கிறான். வந்து அப்பாவிடமும் அதை அப்படியே சொன்னான். "சரியாத்தான் சொல்லியிருக்கே" என்றார் இவர்.

அடுத்த முறை கடலாடிப் பாதையில் போகலாமா என்று பெரியவள் கேட்கிறாள். பங்குனி, சித்திரை வெயிலில் அந்தப் பாறையில் கால் வைக்க முடியாது. மழைக்காலமும் வேண்டாம், வழுக்கும். அடுத்த தையில்தான் என்று சொல்லியிருக்கிறேன். அதற்கு முன்னால், குடும்பமாகப் போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், கிளம்பும் முன் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து "நான் நிக்கிறேன்" என்ற அந்த ஒரு பேச்சைப் பேசிவிட்டுக் கிளம்புங்கள். தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டருக்குக் குறைய வேண்டாம்.