டானர் கணவாய் தாண்டிய ஆரஞ்சுப் பெட்டிகள்

மாடல் பெட்டியில் நிஜ அழுக்கும் வெயில்பட்ட தோற்றமும் வரவைக்கும் வெதரிங் வேலைக்கு எந்தப் பவுடர் வாங்கலாம் என்று மாடல் ரயில் நண்பர்கள் யாராவது கேட்டால், பதிலுக்கு நான் ஒரு கேள்வி கேட்பேன்: உங்க பெட்டி எந்த ஊரிலிருந்து கிளம்பி எந்த வழியா வருது? கேட்டவருக்குச் சற்று ஏமாற்றமாக இருக்கும். ஆனால் அது தெரிந்தால்தான் கறுப்பு எங்கே வேண்டும், பழுப்பு எங்கே வேண்டும், எங்கே கையே வைக்கக்கூடாது என்பது தெரியும். அழுக்குக்கும் ஊர் உண்டு.

நான் இருப்பது கலிஃபோர்னியாவின் ரோஸ்வில்லில். ஊரின் நடுவே பெரிய ரயில் யார்டு. இன்று யூனியன் பசிஃபிக்கின் கையில் இருக்கிறது. அன்று சதர்ன் பசிஃபிக். அதே இடத்தில் பசிஃபிக் ஃப்ரூட் எக்ஸ்பிரஸ் என்ற கம்பெனியின் பிரம்மாண்டமான ஐஸ் தொழிற்சாலை இருந்தது. பி.எஃப்.இ. என்று சுருக்கிச் சொல்வார்கள். யூனியன் பசிஃபிக்கும் சதர்ன் பசிஃபிக்கும் சேர்ந்து 1906ல் தொடங்கிய கம்பெனி. பழமும் காய்கறியும் கெடாமல் கிழக்கே போய்ச் சேரவேண்டும் என்பதற்காகவே ஆயிரக்கணக்கான குளிர்ப்பெட்டிகளை ஓட்டியது. என் லேஅவுட்டில், அதாவது மாடல் ரயில்பாதையில், ஓடுவது அந்தப் பெட்டிகள்தான். காலம் 1949 கோடை, அளவு ஹெச்.ஓ., அதாவது 87ல் ஒரு பங்கு. நாற்பது அடிப் பெட்டி இங்கே 14 சென்டிமீட்டர் வரும்.

கம்பெனியின் முதல் முழு எஃகுக் குளிர்ப்பெட்டிகள் 1936ல் வந்தன. அதற்காக மரப்பெட்டிகளைத் தூக்கிப் போட்டுவிடவில்லை. பழுதுபார்த்து, திருப்பிக் கட்டி, பல வருடங்கள் ஓட்டினார்கள். 1949ல் ஒரு பழ ரயில் போனால் எஃகும் மரமும் கலந்துதான் போகும். எனக்குப் பிடித்தவை மரப்பெட்டிகள். வெளிச்சுவரில் மூன்று அங்குலத்துக்குச் சற்று அதிகமான அகலத்தில் பலகைகள் செங்குத்தாக நிற்கும். ஒன்றின் விளிம்பு அடுத்ததன் காடிக்குள் நுழைந்திருக்கும். உள்ளே இன்னொரு பலகைச் சுவர், இரண்டுக்கும் நடுவே வெப்பத்தைத் தடுக்கும் அடைப்பு. பெட்டியின் இரண்டு கோடியிலும், அதாவது இரு முனைகளிலும், ஐஸ் தொட்டி. கூரையில் கோடிக்கு இரண்டாக நான்கு மூடிகள். ஐஸ் இறங்குவது அவற்றின் வழியாக.

அந்த மூன்றேகால் அங்குலப் பலகை மாடலில் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மரப்பெட்டி என்றதும் பலர் கம்பி பிரஷ்ஷை எடுத்து, பிளாஸ்டிக் சுவரில் மர ரேகை தெரியும்படி கீறுகிறார்கள். மாடலில் பத்தில் ஒரு மில்லிமீட்டர் ஆழமான கீறல், நிஜப் பெட்டியில் ஏறக்குறைய ஒன்பது மில்லிமீட்டர் பள்ளம். அப்படிப் பிளந்த பலகையோடு எந்த ரயில்வேயும் பழம் ஏற்ற அனுப்பாது. பெயின்ட் ஒழுங்காக இருக்கிற பெட்டியில், பத்தடி தள்ளி நின்றாலே மர ரேகை தெரியாது. பலகை இணைப்புக் கோடுதான் தெரியும். கண்ணுக்குத் தெரியவேண்டியது அந்தக் கோடும், பலகைக்குப் பலகை மாறுகிற நிறமும். மரம் என்பதைக் காட்ட அவை போதும்.

நான் செய்வது பெரும்பாலும் ரெட் கபூஸ் என்ற மாடல் கம்பெனியின் பழைய பிளாஸ்டிக் கிட், துண்டுகளை நாமே ஒட்டிச் செய்வது. ஒட்டுவதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பாத்திரம் கழுவும் சோப்பில் அலசி, காயவைத்து, வெளிர்சாம்பல் பிரைமர் அடித்து, மேலே ஆரஞ்சு. பி.எஃப்.இ. 1929 வரை மஞ்சள் அடித்தது, அதன்பிறகு இளம் ஆரஞ்சு. கூரையும் இரு கோடிச் சுவர்களும் செங்காவி, இரும்பு ஆக்சைடு நிறம். கடையில் வாங்கும் ஆரஞ்சை அப்படியே அடித்தால் பொம்மை மாதிரி பளிச்சென்று நிற்கும். கொஞ்சம் வெள்ளையும் ஒரு துளி மண்நிறமும் கலந்தால் வெயிலில் சில கோடைகள் நின்ற ஆரஞ்சு கிடைக்கும்.

இனி பலகைகள். மெல்லிய பிரஷ்ஷால் அங்கங்கே ஒரு பலகையை மட்டும் ஒரு சாயல் கூட்டியோ குறைத்தோ தீட்டுவேன். எதை எடுப்பது என்பதை மனம்போனபடி முடிவு செய்வதில்லை. பலகை எங்கே கெடும்? அடிமுனையில்; வெட்டிய முனைதான் தண்ணீரை முதலில் குடிக்கும். ஐஸ் தொட்டி இருக்கும் கோடிகளில். அங்கே எப்போதும் ஈரம். கதவை ஒட்டி, அங்கே தள்ளுவண்டியும் பழப்பெட்டியும் இடிக்கும். ஆகவே மாற்றிப் போட்ட புதுப் பலகைகளும் இந்த இடங்களில்தான் வரவேண்டும். கோடியில் இரண்டு மூன்று பலகைகள் சேர்ந்தாற்போல் புது ஆரஞ்சில் நின்றால், பார்க்கிறவருக்கு யாரும் சொல்லாமலே ஒரு பழுதுவேலை நடந்தது புரியும். சுவரின் நடுவில் தனியாக ஒரு புதுப் பலகை நின்றால் கண் உறுத்தும்.

எழுத்தும் சின்னமும் அச்சிட்ட டீக்கால் ஒட்டுப்படங்களை ஒட்டி, பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் பூசிய பிறகு எண்ணெய்ச் சாயம். அடர்பழுப்பில் மிளகளவு எடுத்து மினரல் ஸ்பிரிட்டில் நன்றாகக் கரைத்து, இணைப்புக் கோடுகளில் தொட்டால் அது தானாக ஓடிப்போய்க் காடியில் உட்காரும். மிச்சத்தை அகலப் பிரஷ்ஷால் மேலிருந்து கீழே இழுத்துத் துடைக்கிறேன். மழை ஓடும் திசை அது. ஒரு தடவை குறுக்கே இழுத்தாலும் அந்தக் கோடு காட்டிக்கொடுத்துவிடும்.

கூரைக்கு வருகிறேன். ரோஸ்வில்லில் கிளம்பிய பழ ரயில் லூமிஸ், நியூகாஸில் பழக்கொட்டகைகளைத் தாண்டி சியரா மலையில் டானர் கணவாய்க்கு ஏறும். கிட்டத்தட்ட கடல்மட்டத்தில் இருக்கிற ஊரிலிருந்து 7,000 அடி உயரம். உச்சியை ஒட்டிச் சுரங்கங்கள், பனி விழாமல் தண்டவாளத்துக்கு மேலே கட்டிய நீளநீளமான கொட்டகைகள். உள்ளே மாட்டிக்கொண்ட புகையில் என்ஜின் ஓட்டுபவர்களுக்கு மூச்சே முட்டியதால்தான் சதர்ன் பசிஃபிக் ஓட்டுநர் அறையை முன்னால் வைத்து நீராவி என்ஜின்கள் செய்யச் சொன்னது. ஓட்டுநர் தப்பித்தார், பெட்டிகள் தப்பவில்லை. புகைபோக்கி பின்பக்கம் போய்விட்டது. பளு அதிகமானால் ரயிலின் நடுவிலும் ஒரு உதவி என்ஜின். அதற்கு அடுத்தாற்போல் மாட்டிய பெட்டியின் கூரையை நினைத்துப் பாருங்கள்.

இந்த என்ஜின்கள் எரித்தது எண்ணெய், நிலக்கரி இல்லை. அதனால் கூரையில் படிவது நறநறக்கும் கரித்தூளாக இருக்காது. பிசுபிசுப்பான, அடர்ந்த கறுப்பு. குழாய்களில் அடைந்த கரியைச் சுரண்ட, ஃபயர்மேன் நெருப்பறைக்குள் மணலை அள்ளிப் போடுவார். அது கரியைக் கிளப்பிக்கொண்டு கறுமேகமாக வெளியே வரும். நிலக்கரி என்ஜின்கள் இழுத்த பென்சில்வேனியாப் பெட்டிக்குச் செய்வதுபோல் சாம்பல்நிறப் பவுடரைத் தூவினால் என் ரயிலுக்குப் பொருந்தாது. கறுப்பில் ஒரு துளி அடர்பழுப்பு சேர்த்து, தண்ணீராக நீர்த்து, பெயின்டைக் காற்றோடு தெளிக்கும் ஏர்பிரஷ்ஷை நேர் மேலே பிடித்து, மெல்லிய படலங்களாகப் போடுகிறேன். நேர் மேலே பிடிப்பது முக்கியம். அப்போதுதான் கறுப்பு கூரையிலும் மேல்விளிம்பிலும் மட்டும் படியும், சுவரில் இறங்காது. செங்காவி அடியில் லேசாகத் தெரிகிற இடத்தில் நிறுத்திவிட வேண்டும்.

அந்தக் கறுப்பின் மேல்தான் மனிதர்கள் நடமாடினார்கள். ரோஸ்வில்லில் ஐஸ் ஏற்றினால் கதை முடிந்துவிடாது. வழியில் ஸ்பார்க்ஸ், ஆக்டன், லாரமி, நார்த் பிளாட் என்று நிறுத்தி நிறுத்தி மறுபடி ஐஸ் போடவேண்டும். ஒரு பெட்டிக்கு முழுதாக நிரப்ப ஏறக்குறைய ஐந்து டன். 300 பவுண்டுக் கட்டிகளை மேடையிலிருந்து கொக்கிக்கோலால் தள்ளி, உடைத்து, மூடி வழியாக இறக்குவார்கள். கட்டி உரசும் மூடி விளிம்பில் பெயின்ட் இருக்காது. ஆள் நடக்கும் நடைபலகையில் கரி தேய்ந்து மரம் தெரியும். உருகிய தண்ணீர் மூடியிலிருந்து கூரைச் சரிவில் ஓடிய தடமும் இருக்கும். நான் ரப்பிங் ஆல்கஹாலில் தோய்த்துப் பிழிந்த சின்ன பிரஷ்ஷால் மூடிகளைச் சுற்றி மட்டும் கறுப்பை லேசாகக் கலைத்துவிடுகிறேன். நடைபலகைக்கு வெளிர்சாம்பல், நடுவில் அதிகம், ஓரங்களில் குறைவு. நடைபலகைக்கு வெளியே, இரு கோடி மூடிகளுக்கும் இடைப்பட்ட கூரையைத் தொடவே மாட்டேன். அங்கே யாருக்கும் வேலை இல்லை.

உருகிய தண்ணீர் கடைசியில் போய்ச் சேருவது கீழே. கோடிகளில் இருக்கும் வடிகுழாய்கள் வழியாகத் தண்டவாளத்தில் சொட்டும். உறைந்த உணவு ஏற்றிய பெட்டிகளில் ஐஸோடு உப்பும் கலந்திருப்பதால் சொட்டுவது உப்புநீர். அது பட்ட இரும்பெல்லாம் அரிக்கும். ஆகவே துருவைப் பெட்டி முழுக்கத் தெளிக்காமல் கோடிகளின் அடியில், வடிகுழாய்ப் பக்கத்தில் மட்டும் வைக்கிறேன்.

சுவரில் என் கை அடக்கமாகவே போகும். மலை இறங்கினால் நெவாடா பாலைவனம். அதன் வெளிர்ப்புழுதி சுவரின் கீழ்ப்பாகத்தில் படியும். வெளிர்மண் நிறப் பவுடரைக் கீழிருந்து மேலே மங்கிப்போகும்படி தேய்க்கிறேன். அப்புறம் எனக்கு மிகவும் பிடித்த ஒரு வேலை: அந்தக் காலத்துப் புகைப்படங்களில் அழுக்கடைந்த பெட்டிகளைப் பாருங்கள், எண் இருக்கும் இடம் மட்டும் துடைத்ததுபோல் தெளிவாக இருக்கும். யார்டு குமாஸ்தா பெட்டி எண்ணைப் படித்து எழுதவேண்டுமே! பஞ்சுக்குச்சியை லேசாக ஈரமாக்கி எண்ணின் மேல் ஒரு இழுப்பு, அவ்வளவுதான். அதுபோலவே சுவரில் எழுதியிருக்கும் பெட்டியின் காலி எடை. மரம் ஈரத்தை உறிஞ்சும், காயும், பலகை மாறும். அதனால் மரப்பெட்டியை அவ்வப்போது நிறுத்தி எடைபோட்டு, பழைய எண்ணை மறைத்துப் புது எண்ணும் தேதியும் எழுதுவார்கள். மங்கிய ஆரஞ்சில் சின்னச் செவ்வகமாகப் புது ஆரஞ்சு, அதன்மேல் கூர்மையான கறுப்பு எழுத்து. இதை வெதரிங் முடிந்த பிறகுதான் போடவேண்டும், முன்னால் போட்டால் பயனில்லை.

டல்கோட் என்ற மேட் வார்னிஷ் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு விஷயம். அதன் மேல் ஆல்கஹால் பட்டால் வெண்மையாகப் பூத்துப்போகும். கூரையில் அது வேண்டாம், எனவே அங்கே வேறு வார்னிஷ் அடிக்கிறேன். ஆனால் ஒற்றைப் பலகைச் சுவரும் வெளியே எஃகுச் சட்டமும் கொண்ட சரக்குப் பெட்டிகளுக்கு, 1918ல் அரசின் ரயில்வே நிர்வாகம் வடிவமைத்தார்களே, அந்த வகைக்கு, அதே பூப்பு அருமையாகப் பொருந்தும். செங்காவிப் பெயின்ட் வெயிலில் சுண்ணாம்படித்துப்போவது அப்படியே வரும். வெண்மை அதிகமானால் இன்னொரு கோட் டல்கோட் அடித்தால் அடங்கிவிடும்.

போகிகளுக்கு, அதாவது பெட்டிக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டங்களுக்கு, துருநிறம் அடிப்பதும் எனக்கு ஒப்பவில்லை. சக்கர அச்சின் முனையை மூடியிருந்த அந்தக் காலத்து அச்சுப்பெட்டிக்குள் எண்ணெய் ஊறிய கழிவுநூல் இருக்கும். எண்ணெய் கசிந்து சக்கரத்தின் முகத்தில் தெறித்து, புழுதியோடு சேர்ந்து கெட்டியாகும். எனவே சக்கர முகத்துக்குக் கறுப்பு கலந்த பழுப்பு, அச்சுப்பெட்டி மூடியின் கீழே மட்டும் ஈரப் பளபளப்புக்குக் கொஞ்சம் கிளாஸ் வார்னிஷ். பட்டை இரும்பை வளைத்துக் கட்டிய பழைய ஆர்ச்பார் போகியை 1949 பெட்டிக்கு மாட்டவேண்டாம். பார்க்க அழகாக இருந்தாலும் அதற்குள் அவை இன்டர்சேஞ்சிலிருந்து, அதாவது ரயில்வேக்கள் தங்களுக்குள் பெட்டி மாற்றிக்கொள்ளும் ஏற்பாட்டிலிருந்து, போய்விட்டன.

ஒரே ரயிலில் எல்லாப் பெட்டியும் ஒரே அளவு அழுக்காக இருக்கக்கூடாது. ரோஸ்வில்லில் ஐஸ் தொழிற்சாலையோடு பி.எஃப்.இ.யின் பழுதுபார்க்கும் பட்டறையும் இருந்தது. அங்கே பெயின்ட் அடித்து வெளியே வந்த பெட்டியும் அதே ரயிலில் மாட்டியிருக்கும். அடுத்து மேஜைக்கு வரப்போவது அதுதான். சுவரில் புது ஆரஞ்சு, இரண்டு ரயில்வேக்களின் சின்னமும் பளிச்சென்று. வெள்ளையும் மண்நிறமும் கலக்கப்போவதில்லை. போகி மட்டும் பழைய எண்ணெயோடு இருக்கும். மலை ஏறுவதற்கு முன்பு என்றால் கூரையில் சுத்தச் செங்காவி. கிழக்கே ஒரு நடை போய்த் திரும்பியது என்றால் ஏர்பிரஷ்ஷில் ஒரே ஒரு படலம். போய்த் திரும்பியதாகவே வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.